கறுப்பினப் பெண்கள் அமெரிக்க அரசியல்ல எதை நம்பி இருக்காங்க?

நீங்க எழுதினத ரெண்டு தடவை படிச்சேன். உங்களோட முன்னாடி ஒரே கம்பெனியில வேலை பார்த்த ஒரு கறுப்பினப் பெண், இப்ப அமெரிக்காவுல ஒரு மாநில சட்டமன்ற உறுப்பினரோட ஆபீஸ்ல ஸ்டாஃபா இருக்காங்க, 2024 தேர்தல்ல கமலா ஹாரிஸ் தோத்ததுக்கு அப்புறம் ஒரு நாள் போன்ல "இதையெல்லாம் எதுக்கு செஞ்சிட்டு இருக்கேன்னே புரியல"ன்னு சொல்லியிருக்காங்க, உங்களுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. அதுல இருந்துதான் உங்க கேள்வி வருது: கட்சிக்கு உழைக்கிறப்ப முன்வரிசை, பதவின்னு வரும்போது கடைசி வரிசைன்னு ஆனப்புறமும் இந்தப் பெண்கள் அரசியல்ல எதை நம்பி இருக்காங்க, நோக்கம்னு ஒண்ணு அவங்களுக்கு எங்க இருந்து கிடைக்குது? இதுக்குள்ள ரெண்டு கேள்வி இருக்குங்க. ஒண்ணு வரலாறு, அதுக்கு ஓரளவு தெளிவாவே பதில் சொல்லலாம். இன்னொண்ணு உங்க தோழிகிட்ட என்ன பேசுறதுங்கிறது, அதுக்கு பாதி பதில்தான் என்கிட்ட இருக்கு.

நான் காலேஜ்ல ரொம்ப வருஷமா அமெரிக்க வரலாறு எடுத்தவ, அதுலயும் கறுப்பின மக்கள் சம உரிமைக்குப் போராடின சிவில் ரைட்ஸ் காலம்தான் என் பேப்பர். இந்தப் பெண்கள் கொடுத்த பேட்டி, சாட்சியம், அவங்களே எழுதின வாழ்க்கைக் கதை இதெல்லாம் படிச்சும் ஒலிப்பதிவா கேட்டும் பாடம் நடத்தியிருக்கேன். ஆனா நான் கறுப்பினப் பெண்ணும் இல்ல, அமெரிக்க அரசியல்ல ஒரு நாள்கூட வேலை பார்த்ததும் இல்ல. அதனால அவங்க என்ன செஞ்சாங்க, என்ன சொன்னாங்கங்கிறத நான் சொன்னா நம்பலாம், அவங்க மனசுல என்ன ஓடுச்சுன்னு நான் சொல்றதெல்லாம் என் ஊகம்னு எடுத்துக்கங்க.

இந்த விஷயத்த யார் பேசினாலும் "முதல் கறுப்பினப் பெண்" பட்டியல்ல ஆரம்பிச்சிடுறாங்க. காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, 1968ல ஷெர்லி சிஷோம், அதோட மேல்சபையான செனட்டுக்கு 1992ல கரோல் மோஸ்லி பிரவுன், 2020ல துணை அதிபரா கமலா, 2022ல உச்ச நீதிமன்றத்துக்கு கெட்டான்ஜி பிரவுன் ஜாக்சன். எல்லாம் உண்மைதான், பெருமையான விஷயம்தான், ஆனா சம்பளம் கம்மியா ஒரு ஆபீஸ்ல உக்காந்து மனு பார்த்துட்டு இருக்கிற ஒருத்தருக்கு இந்தப் பட்டியல் எந்த விதத்துலயும் கைகொடுக்காது, சொல்லப்போனா இன்னும் சோர்வாக்கும். அந்தப் பட்டியல்ல பேர் வர்றதுக்கு இருபது வருஷம் முன்னாடி அவங்க என்ன செஞ்சிட்டு இருந்தாங்கன்னு பார்த்தாத்தான் கேள்விக்குப் பக்கத்துல வர முடியும்.

சிஷோமையே எடுத்துக்கங்க. அப்பா பிரிட்டிஷ் கயானாவுல பிறந்தவர், சாக்குப் பை தொழிற்சாலையில வேலை. அம்மா பார்படாஸ்காரங்க, தையல் வேலையும் செஞ்சாங்க, வீட்டு வேலைக்கும் போனாங்க. இவங்க 1946ல புரூக்ளின் காலேஜ்ல டிகிரி முடிச்சிட்டு நர்சரி ஸ்கூல்ல டீச்சர். சாயங்காலமானா பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட் ஏரியாவுல இருந்த டெமாக்ரடிக் கட்சி கிளப்புக்குப் போவாங்க. நம்ம ஊர் வட்டச் செயலாளர் ஆபீஸ் மாதிரின்னு வச்சுக்கங்க, யாருக்கு வேலை வேணும், யார் வீட்டுக்கு ஹீட்டிங் வரல, எல்லாம் அங்கதான் போய் நிக்கணும். கறுப்பின மக்கள் அந்த ஏரியாவுல நிறைஞ்சு போயிருந்தாலும் கிளப்ப நடத்தினது வெள்ளைக்கார ஆம்பளைங்க. பெண்களுக்கு என்ன வேலைன்னா வருஷா வருஷம் சீட்டாட்ட விருந்தும் ராஃபிள் குலுக்கலும் வச்சு பணம் திரட்டிக் கொடுக்கிறது. சிஷோமுக்கு படம் வரைய நல்லா வரும்ங்கிறதால காலி சுருட்டு டப்பாவுக்கு பெயின்ட் அடிச்சு அலங்காரம் பண்ற வேலை, ராஃபிள் காசு போடுறதுக்கு. அதையும் செஞ்சாங்க. செஞ்சுகிட்டே மத்த பெண்கள்கிட்ட பேசினாங்க: இந்த கிளப் ஓடுறதே நாம திரட்டுற காசுலதான, அப்புறம் நமக்குன்னு ஏன் ஒரு பட்ஜெட் கிடையாது, விருந்து நடத்துற செலவுக்குக்கூட நாமளே ஏன் அலையணும்? கூட்டத்துல எழுந்து கேட்டாங்க, கிடைச்சுது. அமெரிக்காவுல ஒரு பெரிய கட்சியோட அதிபர் வேட்பாளர் ஆகணும்னு பின்னாடி கேட்ட பெண்ணோட முதல் அரசியல் கோரிக்கை இந்த மாதிரி ஒண்ணுதான். எனக்கு இந்தப் பெண்மணிகிட்ட ரொம்பப் பிடிச்ச பகுதியும் இதுதான், 1972ல அதிபர் பதவிக்கு நின்னத விட.

1968ல காங்கிரஸுக்கு நின்னப்ப எதிர்த்து நின்னவர் ஜேம்ஸ் ஃபார்மர், பஸ்ல இருந்த இனப்பிரிவினைய எதிர்த்து ஃப்ரீடம் ரைடுங்கிற பயணப் போராட்டம் நடத்தின பெரிய தலைவர், டிவியில எல்லாருக்கும் தெரிஞ்ச முகம். சிஷோமுக்கு காசு கிடையாது. அரசாங்க உதவிப் பணத்துல வாழ்ந்த ஒரு அம்மா தன்னோட ஆட்கள்கிட்ட திரட்டி ஒரு கவர்ல கொண்டுவந்து கொடுத்தது பத்து டாலருக்குள்ளதான் இருந்துச்சுன்னு அவங்களே எழுதியிருக்காங்க. தொகுதியில ஆண்களை விட பெண் வாக்காளர்கள் அதிகம்னு கவனிச்சு பெண்கள் சங்கம் சங்கமா போனாங்க, போர்ட்டோ ரிக்கோ மக்கள் இருக்கிற தெருவுல ஸ்பானிஷ்ல பேசினாங்க, ஜெயிச்சாங்க. ஜெயிச்சுப் போனா புரூக்ளின்காரங்கள விவசாயக் கமிட்டியில போட்டாங்க, அதுலயும் காடு, கிராமம் பார்க்கிற துணைக் கமிட்டி! சபாநாயகர்கிட்ட போய் சொன்னா, நல்ல சிப்பாயா இருங்கன்னு புத்தி சொல்லி அனுப்பினார். கட்சிக் கூட்டத்துல எழுந்து எழுந்து நின்னு பார்த்தாங்க, யாரும் பேச விடல, கடைசியில நடந்து முன்னாடி போய் நின்னுட்டாங்க. ராணுவத்துல இருந்து திரும்பினவங்களுக்கான கமிட்டிக்கு மாத்தினாங்க. என் தொகுதியில மரத்த விட மாஜி சிப்பாய்ங்க நிறைய இருக்காங்கன்னு அவங்க சொன்னது அப்பவே பிரபலம்.

இதுல ஒரு நூல் ஓடுறத கவனிங்க. 1972ல அதிபர் பதவிக்கு பிரைமரியில, அதாவது கட்சி வேட்பாளர் யாருன்னு முடிவு பண்ற தேர்தல்ல நின்னாங்க, கறுப்பின ஆண் தலைவர்கள்ல நிறைய பேர் கைவிட்டாங்க, வெள்ளைக்கார பெண்ணியவாதிகள் பலரும் பாதி மனசோடதான் நின்னாங்க, வேட்பாளரத் தேர்ந்தெடுக்கிற மயாமி பீச் கட்சி மாநாட்டுல கிடைச்சது 152 டெலிகேட் (பிரதிநிதி) வோட்டு. அந்தப் பிரச்சாரத்துக்கு நடுவுல, மே மாசம், இனப்பிரிவினைக்கு பேர் போன அலபாமா கவர்னர் ஜார்ஜ் வாலஸ சுட்டுட்டாங்க, சிஷோம் ஆஸ்பத்திரிக்குப் போய் அவர பார்த்தாங்க. சொந்த ஆட்களே கழுவி ஊத்தினாங்க. 1974ல குறைந்தபட்சக் கூலி சட்டத்துக்குள்ள வீட்டு வேலை செய்ற பெண்களையும் கொண்டுவர்ற திருத்தம் நிறைவேறினப்ப, தெற்கத்தி எம்.பி.க்கள் சிலரோட வோட்ட வாலஸ் வாங்கிக் கொடுத்தார்னு சிஷோம் பின்னாடி சொல்லியிருக்காங்க. வாலஸ் பேசினதாலதான் வோட்டு விழுந்துச்சாங்கிறது விவாதத்துக்குரியது, அவங்க சொன்னத வச்சுதான் அந்தக் கதை நிக்குது. ஆனா வீட்டு வேலைக்கு சட்டக் கூலி வந்ததும், அதுக்காக இவங்க வருஷக்கணக்கா மல்லுக்கட்டினதும், இவங்க அம்மா அந்த வேலை செஞ்சவங்கங்கிறதும் உறுதி. அந்த மூணையும் சேர்த்துப் பார்க்கிறப்ப எனக்குத் தோணுறது, அவங்களோட நோக்கம் பதவிக்கு வந்தப்புறம் தேடிக் கண்டுபிடிச்ச சமாச்சாரம் கிடையாது, எந்தப் பெண்களுக்கு தான் பதில் சொல்லணும்னு அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்துச்சு, கமிட்டியும் வோட்டும் அதுக்குக் கருவிதான்.

அடுத்து ஃபேனி லூ ஹேமர். இவங்க பேரு இல்லாம இந்தக் கேள்விக்கு யாரும் பதில் எழுதக்கூடாதுன்னு நினைக்கிறவ நான். மிசிசிப்பியில அடுத்தவங்க நிலத்த உழுது விளைச்சல்ல பங்கு கொடுக்கிற (வாரச் சாகுபடி) குடும்பத்துல இருபதாவது பிள்ளை, 1917ல பிறந்தவங்க. ஒரு பருத்திப் பண்ணையில 18 வருஷமா வாரச் சாகுபடியும் செஞ்சு, மத்தவங்களோட வேலை நேரக் கணக்கும் எழுதினவங்க. கறுப்பின மக்களுக்கு வோட்டு போடுற உரிமை இருக்குன்னே 1962ல, 44 வயசுல, ரூல்வில் ஊர் சர்ச்சுல நடந்த ஒரு கூட்டத்துலதான் முதல்ல கேள்விப்பட்டாங்க. ஆகஸ்ட் 31ஆம் தேதி ஒரு பழைய பஸ்ல 18 பேரா இண்டியனோலாவுக்கு வோட்டர் பதிவுக்குப் போனாங்க. மாநில அரசியல் சட்டத்துல ஒரு பகுதிய எடுத்துக் கொடுத்து விளக்கம் எழுதச் சொல்லுவாங்க, பெரிய வக்கீலே தடுமாறுற மாதிரி. ஃபெயில். திரும்பி வர்ற வழியில போலீஸ் பஸ்ஸ மடக்கி, பஸ்ஸோட கலர் சரியில்லன்னு டிரைவருக்கு அபராதம் போட்டாங்க. நான் இத சொல்றப்ப பசங்க ஜோக்குன்னு நினைச்சு சிரிப்பாங்க, நிஜமாவே மஞ்சள் கலர் பிரச்சினைன்னுதான் சொன்னாங்க. எல்லாரும் பயந்து போய் உக்காந்திருக்க, பின்னாடி சீட்ல இருந்து இந்தம்மா பாட ஆரம்பிச்சாங்க. வீட்டுக்கு வந்தா பண்ணையார் நிக்கிறார், போய் பேர வாபஸ் வாங்கு, இல்லன்னா பண்ணைய விட்டுப் போன்னு. அதுக்கு இவங்க சொன்ன பதில் சாட்சியத்துல அப்படியே இருக்கு: "நான் உங்களுக்காக பதிவு பண்ணப் போகல, எனக்காகப் போனேன்." அன்னிக்கு ராத்திரியே வெளிய போக வேண்டியதாச்சு. பத்து நாள் கழிச்சு அவங்கள குறிவச்சு ஒரு வீட்டு மேல 16 குண்டு பாய்ஞ்சுது. அடுத்த வருஷம் ஜூன்ல வினோனா ஊர் ஜெயில்ல போட்டு அடிச்ச அடியில அவங்க உடம்பு கடைசி வரைக்கும் சரியாகல.

1964 ஆகஸ்ட்ல அட்லாண்டிக் சிட்டியில, மிசிசிப்பி பிரதிநிதிகளா எங்கள ஏத்துக்கங்கன்னு கேட்டு, டெமாக்ரடிக் கட்சி மாநாட்டு கமிட்டி முன்னாடி இதையெல்லாம் அவங்க சொல்லிட்டு இருக்கிறப்ப, டிவியில நேரலை போயிட்டு இருக்கிறத திசை திருப்ப அதிபர் ஜான்சன் திடீர்னு ஒரு பிரஸ் மீட் வச்சார். அன்னிக்கு ராத்திரி டிவிக்காரங்க அந்த சாட்சியத்த மறுபடியும் போட்டாங்க. கட்சி சமாதானமா ரெண்டு சீட் தர்றோம்னு சொன்னப்ப, ரெண்டு சீட்டுக்காக இவ்வளவு தூரம் வரலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. கறுப்பின ஆண் தலைவர்கள்லயே பல பேர் வாங்கிக்கோன்னு அழுத்தம் கொடுத்தும். இவங்க காங்கிரஸுக்கும் நின்னாங்க, மாநில செனட்டுக்கும் நின்னாங்க, எந்தப் பதவியும் கடைசி வரைக்கும் ஜெயிக்கல. 1969ல தன் ஊர்ப்பக்கம் ஃப்ரீடம் ஃபார்ம்னு ஒரு கூட்டுறவுப் பண்ணை ஆரம்பிச்சாங்க, ஏன்னா வோட்டு போடப் போனா சோத்துல கை வைக்கிறாங்க, அப்ப முதல்ல சோறு நம்ம கையில இருக்கணும். அதுல ஒரு பன்னி பேங்க் உண்டு, நீக்ரோ பெண்கள் தேசியக் கவுன்சில் கொடுத்த 35 பெண் பன்னி, 5 ஆண் பன்னியோட ஆரம்பிச்சது. சினைப்பன்னிய ஒரு குடும்பத்துக்குக் கொடுப்பாங்க, குட்டிய அவங்க வச்சுகிட்டு தாயத் திருப்பிக் கொடுக்கணும், அது அடுத்த வீட்டுக்குப் போகும். எழுபதுகள் நடுவுல பண்ணை கடன்ல மூழ்கி நிலம் கைவிட்டுப் போச்சு, 1977ல அவங்களும் போயிட்டாங்க. இந்த வாழ்க்கைய வெற்றின்னு சொல்றதா தோல்வின்னு சொல்றதான்னு வகுப்புல எப்பவும் சண்டை வரும், நான் தீர்ப்பு சொல்றதில்ல.

ஹேமர் வினோனாவுல பிடிபட்டது எங்க இருந்து திரும்புறப்ப தெரியுமா, சவுத் கரோலினாவுல செப்டிமா கிளார்க் நடத்தின பயிற்சிக்குப் போயிட்டு. கிளார்க் பத்தி நம்ம ஆளுங்க அவ்வளவா எழுதுறதில்ல. நாற்பது வருஷம் டீச்சரா இருந்தவங்க. 1956ல அரசாங்க ஊழியர் யாரும் கறுப்பின மக்கள் உரிமைக்குப் போராடுற என்.ஏ.ஏ.சி.பி. அமைப்புல இருக்கக்கூடாதுன்னு மாநிலம் சட்டம் போட்டப்ப விலக மாட்டேன்னு சொன்னதால வேலையும் போச்சு பென்ஷனும் போச்சு, வயசு 58. அடுத்த வருஷம் ஜான்ஸ் ஐலண்ட்ல ஒரு கூட்டுறவுக் கடையோட பின்கட்டு ரூம்ல பெரியவங்களுக்கு எழுத்து வகுப்பு, முன்னாடி மளிகை வியாபாரம் நடக்கும், வெள்ளைக்காரங்களுக்கு சந்தேகம் வராது. வகுப்பு எடுத்தது பெர்னிஸ் ராபின்சன், டீச்சரே இல்ல, பியூட்டி பார்லர் வச்சிருந்தவங்க. ஏன் அவங்கன்னா கஸ்டமர் எல்லாம் கறுப்பினப் பெண்கள், வெள்ளைக்கார முதலாளி யாரும் வேலைய விட்டுத் தூக்க முடியாது! இந்த ஒரு கணக்குல எவ்வளவு அரசியல் புத்தி இருக்குன்னு பாருங்க. முதல் வகுப்புல 14 பேர். என்ன கத்துக்கணும்னு அவங்ககிட்டயே கேட்டாங்க: பேர் எழுதணும், பைபிள் படிக்கணும், மணியார்டர் ஃபாரம் நிரப்பணும், தபால் கேட்டலாக்ல இருந்து சாமான் ஆர்டர் பண்ணணும். அதோட தேர்தல் சட்டத்த வாசிக்கிறதும். இந்தப் பள்ளிகள் அப்புறம் தெற்கு முழுக்க நூற்றுக்கணக்குல பரவுச்சு. இதே கிளார்க், மார்ட்டின் லூதர் கிங்குக்கு ஒரு லெட்டர் எழுதினாங்க, எல்லா ஊர்வலத்துக்கும் நீங்களே தலைமை தாங்காதீங்க, ஊர் ஊருக்கு ஆள உருவாக்குங்கன்னு. மீட்டிங்ல அத வாசிச்சப்ப எல்லாரும் சிரிச்சாங்கன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. உங்க தோழி எந்த மீட்டிங்ல இருந்து எழுந்து வந்து உங்களுக்கு போன் போட்டாங்களோ தெரியல, ஆனா அந்த சிரிப்பு அவங்களுக்குப் பழக்கமா இருக்கும்னு நினைக்கிறேன்.

இன்னும் ஒருத்தர மட்டும் சொல்லிடுறேன், யுனிட்டா பிளாக்வெல். பருத்தி வயல்ல வேலை பார்த்தவங்க, 1964ல வோட்டர் பதிவுக்குப் போனதும் வயல் வேலை போச்சு. மேயர்ஸ்வில்னு சில நூறு பேர் இருக்கிற ஊர். அது சட்டப்படி ஒரு டவுனாவே பதிவாகல, அதனால எந்த மானியமும் வராது. ஊர டவுனா பதிவு பண்ண வச்சு, 1976ல அதுக்கு மேயர் ஆனாங்க, மிசிசிப்பியில மேயர் ஆன முதல் கறுப்பினப் பெண். தண்ணிக் குழாய், கழிவுநீர் லைன், ரோடு, வீடுன்னு ஒவ்வொண்ணா கொண்டுவந்தாங்க. நடுவுல மாசசூசெட்ஸ் போய் திட்டமிடல் படிப்புல முதுகலை வேற முடிச்சாங்க, அப்ப வயசு ஐம்பது. இவங்கள பத்தி போஸ்டர் வராது, ஆனா "அரசியல்ல நான் என்ன சாதிச்சேன்"னு கேட்டா குழாயத் திறந்து காட்டலாம்.

இவ்வளவும் சொல்லிட்டு என் கருத்துக்கு வர்றேன். இது என் கருத்துதான், மாத்துக் கருத்து உள்ள ஆய்வாளர்கள் இருக்காங்க. இந்த நாலு பேர்கிட்டயும் பொதுவா இருக்கிறது பெரிய லட்சிய வாக்கியம் கிடையாது. யாருக்கு நான் பதில் சொல்லணும்ங்கிறதுல குழப்பமே இல்லாம இருந்தாங்க, அந்த ஆட்கள் பேர் சொல்லிக் கூப்பிடுற தூரத்துல இருந்தாங்க. கட்சி ஏமாத்தினப்ப கோபம் வந்துச்சு, நோக்கம் உடையல, ஏன்னா நோக்கத்த கட்சிகிட்ட அடகு வைக்கவே இல்ல. இப்ப உங்க தோழியோட நிலைமை அதுல இருந்து வேற. 2024 ஜூலை 21ஆம் தேதி பைடன் விலகின அன்னிக்கு ராத்திரியே 44,000 கறுப்பினப் பெண்கள் ஒரே ஜூம் கால்ல கூடினாங்க, சில மணி நேரத்துல 15 லட்சம் டாலர் திரட்டினாங்க. நவம்பர்ல கருத்துக்கணிப்பு கணக்குப்படி இவங்கள்ல பத்துல ஒன்பது பேர் கமலாவுக்குப் போட்டாங்க (வாக்குச்சாவடி வாசல்ல எடுக்கிற கணிப்பு, ஒண்ணு ரெண்டு சதவீதம் முன்ன பின்ன இருக்கும், ஆனா மொத்தப் படம் பல தேர்தலா மாறல). தோத்த பிறகு "எங்க 92 சதவீதத்த நாங்க செஞ்சிட்டோம், இனிமே ஓய்வு"ன்னு நிறைய பேர் பகிரங்கமா சொன்னாங்க. அத சோம்பல்னு யாராவது சொன்னா எனக்கு எரிச்சல் வரும். "ஜனநாயகத்தக் காப்பாத்துறவங்க"ன்னு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை கைதட்டிட்டு, மிச்ச நாள் காபி வாங்கிட்டு வரச் சொன்னா யாருக்கும் அலுப்பு வரத்தான் செய்யும். அடுத்தவங்க தலையில சுமத்துற நோக்கம் ஒரு வேலைச்சுமை, அவ்வளவுதான்.

ஜார்ஜியா மாநில விஷயத்துலயும் இதே மாதிரி மிகைப்படுத்தல் நடந்துச்சு. டெமாக்ரடிக் கட்சியோட ஸ்டேசி ஏப்ரம்ஸ் 2018 கவர்னர் தேர்தல்ல சுமார் 55,000 வோட்டுல தோத்தாங்க, 2020ல பைடன் அந்த மாநிலத்த 11,779 வோட்டுல ஜெயிச்சார், உடனே எல்லாரும் ஏப்ரம்ஸ் ஒருத்தராலதான்னு எழுதினாங்க. அவங்க முயற்சியில வருஷக்கணக்கா வோட்டர் பதிவு நடந்தது உறுதி. அதுதான் காரணமா, அட்லாண்டா புறநகர்ல மக்கள்தொகை மாறினது எவ்வளவு, ட்ரம்ப் மேல இருந்த வெறுப்பு எவ்வளவுன்னு பிரிச்சு அளக்கிறது கஷ்டம். 2022ல ஏப்ரம்ஸ் மறுபடியும் தோத்தாங்க, அவங்க ஆரம்பிச்ச அமைப்பு ஒண்ணுக்கு 2025ல தேர்தல் நிதி விதிமீறலுக்காக 3 லட்சம் டாலர் அபராதமும் விழுந்துச்சு. யாரையும் அம்மனாக்கி வச்சா கடைசியில அவங்களையே தண்டிக்கிற மாதிரி ஆகுது. அப்புறம் எல்லாரும் ஒரே கட்சியும் கிடையாது, யூட்டாவுல 2014ல ரிபப்ளிகன் கட்சியில ஜெயிச்ச மியா லவ் ஹைட்டியில இருந்து வந்தவங்களோட மகள், அவங்க சொன்ன நோக்கம் முழுக்க வேற.

கமலா பத்தி ஒரு வரி, நீங்க அவங்க தாத்தா ஊரான துளசேந்திரபுரத்துல நடந்த பூஜையெல்லாம் குறிப்பிட்டதால. அம்மா சியாமளா கோபாலன் வழியா நமக்கு அவங்க உறவுதான், ஆனா அவங்க அரசியல் வளர்ந்த இடம் கறுப்பின நிறுவனங்கள்: ஹோவர்ட் பல்கலைக்கழகம், அங்க 1908ல ஆரம்பிச்ச ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா. காலேஜ் முடிஞ்சாலும் ஆயுசுக்கும் தொடர்ற பெண்கள் சங்கம் அது. சிஷோம் இன்னொரு சங்கம், டெல்டா சிக்மா தீட்டா. ஸ்டாஃபா இருக்கிறவங்களுக்கு இந்த மாதிரி வலைதான் உயிர். டோனா பிரசீல், மினியான் மூர், லியா டாட்ரி, யோலண்டா காரவே இந்த நாலு பேரும் கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சனோட 1984, 1988 அதிபர் தேர்தல் பிரச்சாரங்கள் வழியா வளர்ந்தவங்க, ஜாக்சன் ஜெயிக்கல, ஆனா அந்தத் தோல்வியில சேர்ந்த கூட்டம் நாற்பது வருஷம் ஒருத்தர ஒருத்தர் தூக்கிவிட்டுச்சு. பிரசீல் 2000ல அதிபர் வேட்பாளர் அல் கோர் பிரச்சாரத்துக்கே மேனேஜர், மூர் 2024 கட்சி மாநாட்டுக்குத் தலைவர். 1972ல மில்ஸ் காலேஜ்ல ரெண்டு குழந்தைகளோட தனியா படிச்சிட்டு இருந்த பார்பரா லீ, எந்தக் கட்சியும் பிடிக்காம இருந்தவங்க, சிஷோம் பேச வந்தப்ப பார்த்தாங்க, முதல்ல வோட்டர் பதிவு பண்ணும்மான்னு சிஷோம் சொன்னாங்க. அந்த லீதான் 2001 செப்டம்பர்ல, அதிபருக்குப் போர் தொடுக்க அதிகாரம் கொடுக்கிற தீர்மானத்துக்கு, 420 பேருக்கு எதிரா தனி ஆளா வேணாம்னு வோட்டு போட்டது.

விலகிப் போறதும் இந்த வரலாத்துலயே இருக்குங்க, அத மறைக்கக் கூடாது. சிஷோம் 1982ல மறுபடி நிக்கல, கணவர் விபத்துல அடிபட்டிருந்தார், ரீகன் காலத்துல எதையும் நிறைவேத்த முடியல, காலேஜுக்குப் பாடம் எடுக்கப் போயிட்டாங்க. டெக்சாஸ்காரங்க பார்பரா ஜோர்டன், 1974ல அதிபர் நிக்சன பதவி நீக்குறது பத்தின விசாரணையில அரசியல் சட்டத்த பத்திப் பேசி நாட்டையே உக்கார வச்சவங்க, மூணு தடவை எம்.பி.யா இருந்துட்டு 1979ல ஆஸ்டின்ல புரொஃபசர் ஆயிட்டாங்க. ரெண்டு பேரையும் யாரும் ஓடிப்போனவங்கன்னு சொல்றதில்ல.

சரி, உங்க தோழிகிட்ட என்ன பேசுறது. ஆறுதல் வசனம் வேணாம், "நீங்க ரொம்ப ஸ்ட்ராங்"ங்கிறது கண்டிப்பா வேணாம், கறுப்பினப் பெண்கள் அதக் கேட்டு சலிச்சுப் போயிட்டோம்னு அவங்களே எழுதுறாங்க. அந்த ஆபீஸ்ல அவங்களுக்குக் குறிப்பா என்ன வேலைன்னு கேளுங்க, ஏன்னா மாநில அளவுல வாஷிங்டன விட வேகமா விஷயம் நகரும். பிரசவத்துல இறந்து போற விகிதம் கறுப்பினப் பெண்கள்கிட்ட வெள்ளைக்காரப் பெண்கள விட கிட்டத்தட்ட மூணு மடங்கு. பிரசவத்துக்கு அப்புறம் மெடிக்கெய்ட், அதாவது வருமானம் கம்மியா இருக்கிறவங்களுக்கான அரசாங்க மருத்துவக் காப்பீடு, அறுபது நாள்ல முடியுறத ஒரு வருஷமா நீட்டிக்கிற வாய்ப்ப 2021ல மத்திய சட்டம் மாநிலங்களுக்குக் கொடுத்துச்சு, அத ஒவ்வொரு மாநிலத்துலயும் ஃபைல் ஃபைலா தள்ளினது சட்டமன்ற ஸ்டாஃப்தான். தலைமுடி ஸ்டைலுக்காக வேலையில இருந்து அனுப்பக்கூடாதுங்கிற கிரவுன் ஆக்ட் 2019ல கலிபோர்னியாவுலதான் முதல்ல வந்துச்சு, கொண்டுவந்தவங்க ஹாலி மிட்செல், மாநில செனட்டர், அவங்களே சடைமுடிக்காரங்க. அதுக்கப்புறம் இருபது மாநிலத்துக்கு மேல வந்தாச்சு. இந்த மாதிரி ஒரு மசோதா, இல்ல வேலையில்லாப் படி நின்னுபோன ஒருத்தரோட மனு, இப்படி ஏதாவது ஒண்ணுல அவங்களுக்குப் பிடிப்பு இருக்கான்னு கேட்டுப் பாருங்க. இருந்தா அந்த ஆபீஸ்லயே இருந்து அத மட்டும் பிடிச்சுக்கலாம், மேல இருக்கிறவர் யாரா இருந்தாலும். இல்லன்னா ஸ்கூல் போர்டு, கவுன்டி (நம்ம மாவட்டம் மாதிரி) தேர்தல் ஆபீஸ்னு கீழ் மட்டத்துல இடம் இருக்கு. செப்டிமா கிளார்க்கே எழுபதுகள்ல, தன் வேலையப் பறிச்ச அதே சார்ல்ஸ்டன்ல ஸ்கூல் போர்டுக்கு ஜெயிச்சுப் போனாங்க. ரெண்டும் வேணாம், கொஞ்ச நாள் எதுவும் வேணாம்னு சொன்னாலும் சரின்னு கேட்டுக்கங்க, மறுத்துப் பேசாதீங்க. எந்த மாநிலம்னு நீங்க எழுதல, சொன்னீங்கன்னா அந்த ஊர்ல இந்த வழியில போன பெண்கள் யார் யாருன்னு எனக்குத் தெரிஞ்சத எழுதுறேன்.